வெண்ணெய் வாசம்

லண்டன் கிறிஸ்துநாயகத்துக்குக் கொடுத்த ஒரே மரியாதை அவருடைய மூக்குக்குத்தான். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் அமிலப் போத்தல்களை முகர்ந்தே பெயர் சொன்ன மனுஷன், இங்கே பதினாறு வருடமாகப் பெட்ரோல் நிலையத்தின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றார். அங்கே அவர் பெயரை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் மாதத்துக்கு ஒரு முறை, ஹரோவில் ஒரு பப்பின் மாடி அறையில், வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களின் கிளப் கூடும்போது கதையே வேறு. பெரிய உத்தியோகக்காரர்கள்கூடத் தாங்கள் காய்ச்சியதை அவர் முன்னால் வைத்துவிட்டு, பரீட்சை எழுதின பிள்ளைகள் மாதிரி நிற்பார்கள். அவர் ஒரு தரம் முகர்ந்து, எது பிழை, எங்கே பிழைத்தது என்று சொல்லிவிடுவார்.

2006 தை மாதம் காய்ச்சலில் பத்து நாள் படுத்தார். எழும்பியபோது மூக்கு செத்துப் போயிருந்தது. அடுப்பில் கருவாடு கருகியபோது பக்கத்திலேயே பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். மனைவி லூர்தம்மா ஓடிவந்து சட்டியை இறக்கிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து அழுதாள். வாசம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"கிளப்பில சொல்லிப்போட்டு விலகிடுங்கோவன்," என்றாள் லூர்தம்மா.

"சொன்னா, அதுக்குப் பிறகு நான் ஆரப்பா அங்க?"

பங்குனிக் கூட்டத்துக்குக் கோபாலன் ஜெர்மன் லாகர் கொண்டுவந்தார். மலேசியத் தமிழர், இன்ஜினியர். பத்து வாரம் குளிரில் வைத்துப் பொத்திப் பொத்தி வளர்த்த பியர். கிறிஸ்துநாயகம் வாயில் விட்டார். குளிர், நுரை, அடிநாக்கில் கொஞ்சம் கசப்பு. வேறொன்றும் இல்லை. பன்னிரண்டு பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லது என்று சொல்லி, அது கெட்டதாக இருந்துவிட்டால் மானம் போய்விடும். லாகரில் வழக்கமாக வருகிற பிழையைச் சொன்னால் தப்பிக்கலாம் என்றது அவருடைய பாழாய்ப்போன புத்தி.

"குறை நினைக்காதேங்கோ, கோபாலன். லேசா வெண்ணெய் மணக்குது. குளிருக்கு வைக்க முந்தி ரெண்டு நாள் சூட்டில விட்டிருக்கோணும்."

இரண்டு மூன்று பேர் தங்கள் கிளாஸை முகர்ந்து, ஆமாம் என்று தலையாட்டினார்கள். சொன்னது கிறிஸ்துநாயகம் அல்லவா!

ஆடி மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம், கோபாலன் ஒரு போத்தலோடு கிறிஸ்துநாயகத்தின் ரெய்னர்ஸ் லேன் வீட்டுக்கே வந்தார்.

"புதுசு அண்ணே. நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு நாள் சூட்டுல வச்சேன். குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

போன முறை செய்தது கிறிஸ்துநாயகத்தின் நெஞ்சை நான்கு மாதமாக அரித்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவையாவது இவரைச் சந்தோஷப்படுத்திவிடுவோம் என்று நினைத்து, கிளாஸில் ஊற்றி ஒரு மிடறு குடித்தார்.

"அருமை. வெண்ணெய் மணம் போயிட்டுது. ஒரு குறையும் சொல்ல ஏலாது."

கோபாலன் சிரிக்கவில்லை. சமையலறையிலிருந்து லூர்தம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"என்னது, முட்டை அழுகின மாதிரி..." என்று தொடங்கியவள், மேசையிலிருந்த கிளாஸைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஆமாக்கா, வீட்டுல ஒண்ணத் திறந்தப்பவே நாறுச்சு. எங்க தப்பு பண்ணேன்னு கேக்கத்தான் எடுத்துட்டு வந்தேன்." கோபாலன் அவர் பக்கம் திரும்பினார். "எப்பருந்து அண்ணே?"

"தை மாசத்தில இருந்து."

"அப்ப போன தடவை?"

"ஒண்டும் மணக்கேல்லை."

கோபாலன் கிளாஸை மேசையில் தள்ளி வைத்தார்.

"நாப்பது போத்தல் அண்ணே. எல்லாத்தயும் சிங்க்ல ஊத்திட்டேன். என் வீட்டுக்காரி பிரமிளா தடுத்தா. இதுல வெண்ணெயும் இல்ல ஒண்ணும் இல்ல, நீங்க காய்ச்சினதுலயே இதுதான் நல்லதுன்னா. கிறிஸ்து அண்ணன் மூக்கவிட உன் மூக்கு பெரிசான்னு ஏசிட்டேன்."

கிறிஸ்துநாயகத்துக்கு அந்த இடத்திலேயே செத்துவிட்டால் நல்லது என்றிருந்தது. இவன் இரண்டு கெட்ட வார்த்தை பேசிவிட்டுப் போகக்கூடாதா என்று ஏங்கினார். கோபாலன் எழுந்து, வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார்.

"கிளப்ல யார்கிட்டயும் சொல்லமாட்டேன் அண்ணே. நீங்க எப்பவும்போல வாங்க."

கதவு சாத்திக்கொண்டது. லூர்தம்மா ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனாள். அவர் கிளாஸுக்குள் மூக்கை நுழைத்து, நெஞ்சு நோகும்வரை மூச்சை இழுத்தார். வெறும் காற்றுத்தான் வந்தது.