தாள் வெட்டிய புத்தகம்

யசோதா டீச்சர் ஒரு புத்தகத்தைப் படிக்காமல் அதை எதிர்த்துப் பேசமாட்டார். அந்தக் குணம்தான் அவரைத் தோற்கடித்தது.

சிவாஜிநகரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தார். 1958 கோடையில், ஆங்கிலம் கற்பிக்கும் முறை பற்றி இரண்டு புத்தகங்களைக் கடைக்காரர் பார்வைக்கு அனுப்பியிருந்தார். ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பவேண்டும். வாங்கியதன்படியே ஜூன் முதல் எல்லாரும் பாடம் நடத்தவேண்டும். ஒன்று, சொல்லுக்குச் சொல் தாய்மொழியில் பொருள் சொல்லி இலக்கணத்தை ஒப்பிக்கவைக்கும் பழைய வழி. மற்றது, செய்துகாட்டி வாக்கியமாகப் பேசவைக்கும் புது வழி.

மூத்த ஆசிரியர் வெங்கடசுப்ரமணியன் பழைய வழிக்காரர்.

“ஏம்மா, ‘ஜம்ப்’னு சொல்லிக்குடுக்க வாத்தியார் குதிக்கணுமா? சர்க்கஸ்ல சேந்திருக்கலாமே.”

“என் கிளாசுல பாதிப் பேர் வீட்ல உருதோ கன்னடமோ பேசறாங்க, சார். நீங்க தமிழ்ல அர்த்தம் சொன்னா, அவங்களுக்கு அது இன்னொரு இங்கிலீஷ்.”

“டிரெயினிங் காலேஜ் வாசலை மிதிக்காதவாள்லாம் எனக்கு மெதட் சொல்றா.”

ஹெட்மாஸ்டர் ஓஸ்வால்டுக்குச் சண்டை ஆகாது. “திங்கட்கிழமை முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் ரெண்டும் யசோதாம்மாகிட்ட இருக்கட்டும்” என்றார்.

புது வழிப் புத்தகத்தை யசோதா ஏற்கெனவே பொது நூலகத்தில் படித்திருந்ததால் அதைத் தொடவில்லை. பழைய வழிப் புத்தகத்தை எடுத்தார். அச்சகத்தில் மடித்த தாள்கள் ஓரம் பிரிக்கப்படாமலே இருந்தன; வெட்டாமல் உள்பக்கங்களைப் படிக்கமுடியாது. மெல்லிய கத்தியால் பிசிறில்லாமல் ஒவ்வொன்றாக வெட்டி, கடைசி வரிவரை படித்து, மறுப்புகளை எழுதிவைத்தார்.

திங்கட்கிழமை ஓஸ்வால்ட் அந்தப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு மூடினார்.

“வெட்டின புக்கைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார்மா. இனி இதைத்தான் வாங்கணும்.”

வெங்கடசுப்ரமணியன் பொடி டப்பாவைத் தட்டினார். “நான் வாயே தொறக்கலே. அம்மாவே கத்தியால ஓட்டுப் போட்டுட்டா.”

மறுப்புகளைப் படிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஜூனில் யசோதா ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில், கன்னடத்தில், உருதுவில் பொருள் சொன்னார். வகுப்பும் மூன்று முறை கத்தியது. அடுத்த வகுப்புக்கும் இதற்கும் நடுவே ஒரு மரத்தடுப்புதான். அந்தப் பக்கத்திலிருந்து வெங்கடசுப்ரமணியன் வந்து நின்றார்.

“என்ன இது, சந்தையா?”

“உங்க புஸ்தகம்தான், சார். தாய்மொழில சொல்லணும்னு இருக்கு. இங்க மூணு இருக்கு.”

“மெதுவாச் சொல்லப்படாதோ?”

“அதைப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல. நான் முழுசாப் படிச்சேன்.”

வெங்கடசுப்ரமணியன் ஓய்வுபெறும்வரை அந்த மரத்தடுப்பு அதிர்ந்துகொண்டேதான் இருந்தது.