அம்மாவின் ஸ்தோத்திரமும் ஒரு கார்ட்லெஸ் போனும்

பெட்டியிலிருந்து தெர்மகோலை உருவும்போது பல் கூசுமே... அந்தச் சத்தத்தோடுதான் எங்கள் வீட்டுக்கு கார்ட்லெஸ் போன் வந்தது. நான் அப்போது நாலாம் வகுப்பு.

பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு என்ன பழைய நினைவு என்று சிரிக்காதீர்கள். இந்த ஆன்லைன் குழுவில் எல்லோரும் பெரியவர்கள், என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். மேல் தட்டில், போர்வைக்குள் மொபைல் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன். கீழே அப்பா இருமினால் நிறுத்திவிடுவேன்.

தாராவியில் எங்கள் சந்துக்குள் மொபைல் சிக்னல் ஒழுங்காக வராது. அப்பா வேலை செய்கிற தோல்பை கம்பெனியின் சேட், ஆபீஸை மாற்றும்போது அந்த போனைக் கொடுத்தார். ஒரு வாரம் வைத்துப் பார், சரிப்பட்டால் எடுத்துக்கொள் என்றாராம்.

அந்த ஒரு வாரமும் போனுக்குப் பரீட்சை.

அப்பா ரிசீவரைக் காதில் வைத்தபடி சந்தில் நடந்தார். என் அக்கா ஷீபா வீட்டில் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, கேக்குதா? எங்க நிக்கிய?"

"குழாயடி தாண்டிட்டேன்ட்டி... நல்லாக் கேக்குது... மசாலாக் கடை..."

கரகர... அவ்வளவுதான்.

"மசாலாக் கடை வரைக்கும் பாஸ்" என்றாள் அக்கா.

அவள்தான் மேனுவலைப் படித்து ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். கூப்பிடுகிறவர் பெயரை அந்த போன் இங்கிலீஷ்காரன் மாதிரி உரக்கச் சொல்லும். ஞானதீபம் அத்தையின் பெயரை அது கடித்துத் துப்பியபோது நாங்கள் தரையில் உருண்டு சிரித்தோம். வேண்டாத நம்பரை பிளாக் பண்ணலாம் என்று அக்கா சொன்னதும் அப்பா கையை வீசினார்.

"நாம யாரைட்டி தடுக்கப் போறோம்? வேஸ்ட்."

கடைசியில் ஆன்சரிங் மிஷின். அதில் அம்மாவின் குரலைப் பதிவு செய்தோம். அம்மா எந்த போனை எடுத்தாலும் முதலில், சர்ச்சில் வணக்கத்துக்குப் பதிலாகச் சொல்கிற ஸ்தோத்திரம்தான் சொல்வாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"எம்மா, ஹலோன்னு சொல்லு. மிஷின் போய் ஸ்தோத்திரம் சொல்லுமா?"

"சொல்லட்டுமே" என்றார் அப்பா. "கேக்கவன் பதிலுக்குச் சொல்லுவான்லா. ஸ்தோத்திரம்னு ஒருத்தர் சொல்லிட்டா, சண்டைக்காரன்னாலும் பதில் சொல்லாமப் போகக் கூடாது."

மறுநாளே பக்கத்து ஏரியா சுனாபட்டியிலிருந்து அத்தை கூப்பிட்டாள். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். மிஷின் எடுத்து அம்மாவின் குரலில் ஸ்தோத்திரம் என்றது. அத்தையும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, மிஷின் பேசி முடிப்பதற்குள் தன் கதையைத் தொடங்கிவிட்டாள். அப்புறம் பதில் வராததும் கோபம்.

"என்ன மதினி, வாயில கொழுக்கட்டையா? நான் என்ன கடன் கேக்கவா போன் பண்ணுதேன்?"

அம்மா ஈரத் தலையோடு ஓடிவந்து ரிசீவரை எடுத்தாள். இருவரும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். பாதியில் நாம் எடுத்தாலும் மிஷின் பதிவை நிறுத்தாது என்பது யாருக்கும் தெரியாது. சாயங்காலம் அப்பா பட்டனை அழுத்த, அத்தை அம்மாவின் சமையலைத் திட்டியதும் அம்மா அத்தையின் மூக்கைத் திட்டியதும் வரிசையாக வந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வாசலில் வந்து நின்றார்கள்.

"இது எதுக்குப் பிடிச்ச வேலை? வேஸ்ட்" என்றார் அப்பா. ஆனாலும் போனை வைத்துக்கொண்டோம்.

அதெல்லாம் அப்போது...

போன ஈஸ்டர் முடிந்ததும் அக்கா, கூட வேலை பார்த்தவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு அம்பர்நாத் போய்விட்டாள். அவர் மராத்திக்காரர். அப்பா அன்றைக்கே அக்காவின் நம்பரை எல்லா போனிலும் பிளாக் பண்ணினார். தெரியாத நம்பர் வந்தால் யாரும் எடுக்கக் கூடாது, மிஷின் எடுக்கட்டும் என்றார். என் மொபைலை தினமும் வாங்கிப் பார்க்கிறார்.

எனக்குக் காலை ஸ்கூல். அம்மா மாட்டுங்காவில் சமையல் வேலை முடித்து வருவதற்கு முன் வீட்டுக்கு வருகிறவள் நான்தான். சில நாள் போனில் சிவப்பு விளக்கு மினுங்கும். யாருடைய நம்பரிலிருந்தோ... அழுத்தினால் அக்காவின் குரல்.

"ஸ்தோத்திரம்மா."

மிஷினில் அம்மா சொல்கிறதுக்குப் பதில். அது மட்டும்தான். வைத்துவிடுவாள். கேட்டதும் அழித்துவிடுவேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா அழுதால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். பிறகு லைனையே வெட்டிவிடுவார்.

இன்றைக்கு எக்ஸ்ட்ரா கிளாஸ். லேட்டாக வந்தேன். கம்பெனியில் மெஷின் ஓடவில்லை என்று அப்பா மத்தியானமே வந்து கட்டிலில் படுத்திருந்தார். ஒரு பதிவு இருக்கிறது என்று போனில் 1 காட்டியது. ஆனால் விளக்கு மினுங்கவில்லை. யாரோ போனை எடுத்திருக்கிறார்கள், இல்லை கேட்டிருக்கிறார்கள்.



"சாப்பிட்டியாட்டி?" என்றார் அப்பா. ராத்திரி சாப்பிடும்போது இரண்டு தடவை போன் பக்கம் பார்த்தார்.

எல்லோரும் தூங்கியபின் ரிசீவரை மேலே எடுத்து வந்து காதில் வைத்துக் கேட்டேன்.

"ஸ்தோத்திரம்மா."

யாரோ ரிசீவரை எடுக்கிற சத்தம். யாரோ ரிசீவரை எடுக்கிற சத்தம். பிறகு வெறும் மூச்சு... ரொம்ப நேரம். அக்காவும் வைக்கவில்லை.

"ஸ்தோத்திரம்."

அப்பாவின் குரல்.

"அப்பா..." என்று அக்கா தொடங்குகிறாள். அதற்குள் வைத்துவிட்டார்.

மூன்று தடவை கேட்டுவிட்டேன். அன்றைக்கு மிஷினுக்கு யார் யாரோ ஸ்தோத்திரம் சொன்னார்கள், நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். இன்றைக்கு ஒரே ஒரு ஸ்தோத்திரத்தைக் கேட்டு ரிசீவரை அணைத்துக்கொண்டு கிடக்கிறேன்.

காலையில் அப்பா பார்த்தால் என்ன ஆகுமோ தெரியவில்லை. ஆனால் இந்தப் பதிவை மட்டும் நான் அழிக்கப் போவதில்லை. அம்மா கேட்க வேண்டும்.

பாதியில் எடுத்தாலும் பதிவாகும் என்பதை அப்பா மறந்திருப்பார். அந்த வசதியையும் அவர் அன்றைக்கு வேஸ்ட் என்றுதான் சொன்னார்.