செல்லக்கனியின் பத்து நிமிடப் படம்

கல்யாண வீடுகளில் என் பெயர் யாருக்கும் தெரியாது. "ஏலே லைட்டு, இங்கிட்டுக் காட்டுலே" என்பார்கள், அவ்வளவுதான். வீட்டில் வைத்த பெயர் சங்கிலிப்பாண்டி. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் கண்ணபிரான் முதலாளியின் வீடியோ ஸ்டுடியோவில் எண்பத்தைந்தாம் வருடத்திலிருந்து லைட் பிடித்தேன். ஆயிரம் வாட் விளக்கு. கால் மணி நேரம் தூக்கிப் பிடித்தால் முழங்கை வரை வெந்துவிடும். கேமராக்காரருக்கு முதல் பந்தியில் இலை போடுவார்கள், எனக்கு "வயரை மிதிக்காதே" என்று வசவு. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் இது என் கதை இல்லை, செல்லக்கனியின் கதை. நான் எதைச் சொன்னாலும் லைட்டில் ஆரம்பித்துத்தான் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல்லக்கனிக்கு ஊர் சுந்தரபாண்டியம். அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அம்மா பரிபூரணம் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில்லில் வேலை பார்த்து மகளை பி.எஸ்ஸி. பிசிக்ஸ் வரைக்கும் படிக்க வைத்தாள். தொண்ணூற்று மூன்றில் எங்கள் முதலாளி மதுரையிலிருந்து டைட்டில் போடுகிற கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து, எப்படித் திறப்பது என்று தெரியாமல் பத்து நாள் மாலை போட்டு வைத்திருந்தார். அதை இயக்கத்தான் செல்லக்கனி வேலைக்குச் சேர்ந்தாள்.

வந்த வேகத்தில் அந்தப் பெட்டியைப் பிரித்து மேய்ந்துவிட்டாள். முதல் வாரம் திரையில் மாப்பிள்ளையும் பெண்ணும் தாமரைப் பூவுக்குள்ளிருந்து எழுந்தார்கள். அடுத்த வாரம் ஆப்பிளுக்குள் உட்கார்ந்தார்கள். மூன்றாவது வாரம், பிளவக்கல் அணையைத் தாண்டி எங்குமே போகாத ஒரு மாப்பிள்ளை சுவிட்சர்லாந்துப் பனியில் கைகட்டி நின்றார். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. முதலாளி கடை போர்டை மாற்றி எழுதினார். அவளுக்கு மட்டும் அதில் சீக்கிரமே சலிப்புத் தட்டிவிட்டது.

தொண்ணூற்று ஐந்து தை மாதம் அந்த விளம்பரம் வந்தது. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று முதலாளி ஆங்கிலப் பேப்பர் வாங்கிப் போடுவார். அதைப் படிக்கிற ஒரே ஆள் செல்லக்கனிதான். மெட்ராஸில் புதிதாக ஒரு முதுகலைப் படிப்பு தொடங்குகிறார்கள். வீடியோ, சத்தம், கம்ப்யூட்டர், இதெல்லாம் ஜனங்களுடைய வாழ்க்கையை எப்படி மாற்றுகிறது என்கிற ஆராய்ச்சி, எல்லாம் சேர்ந்து இரண்டு வருடம். பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். சொந்தமாகச் செய்த படம் ஒன்று, பத்து நிமிடத்துக்குள், கேசட்டில் கொண்டுவர வேண்டும். இருபத்தைந்து வயது முடிந்தவர்கள் விண்ணப்பிக்கக் கூடாது. அவளுக்கு ஆடியில் இருபத்தைந்து முடிகிறது. இந்த வருடம் விட்டால் விட்டதுதான்.

பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் மூன்று சுற்றுச் சுற்றினாள். அம்மாவைச் சம்மதிக்க வைக்க இரண்டு வாரம் ஆனது. "ஒருவாட்டி போய்ட்டு வா. கெடைக்கலைன்னா பொறவு இதைப் பத்திப் பேசப்படாது" என்றாள் பரிபூரணம். அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

என்ன படம் என்பதுதான் கேள்வி. தேரோட்டம் எடுக்கலாம், பால்கோவா கிண்டுவதை எடுக்கலாம் என்று நான் ஆயிரம் யோசனை சொன்னேன். ஒன்றுக்கும் தலையாட்டவில்லை. ஒருநாள் கல்யாணக் கேசட் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டு, "அண்ணே, இங்க வாங்க. இதைப் பாருங்க" என்றாள்.

திரையில் ஒரு பந்தி. எங்கள் கேமராக்காரர் பொத்தானை அமுக்கிவிடுவார். நான் வயரைச் சுருட்டிக்கொண்டு வந்து சேர நாலைந்து விநாடி ஆகும். அதுவரைக்கும் படம் மங்கலாக ஓடும். அந்த மங்கலில் ஒருவர் பாயசத்தை உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சிக்கொண்டிருந்தார். லைட் விழுந்தது. கை தொடைக்கு இறங்கியது, நெஞ்சு நிமிர்ந்தது, வாய் நிறையப் பாயசத்தோடு பெரிய மனிதர் சிலையாக உட்கார்ந்துவிட்டார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். செல்லக்கனி சிரிக்கவில்லை. அவள் கண் பளபளத்தது.

அந்த நாலைந்து விநாடியைத்தான் நாங்கள் எப்போதும் வெட்டி எறிவோம். அவள் அதைப் பொறுக்க ஆரம்பித்தாள். கல்யாண வீட்டார் கேசட்டை வாங்கிப் போனதும் எடுத்த டேப்பை அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் போடுவது கடை வழக்கம். அதற்குள் எடுத்தாக வேண்டும். முதலாளியிடம் கேட்டு, தினமும் காலை ஏழு மணிக்கே சாவி வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். தைக் கடைசி தொடங்கிச் சித்திரை முடிய இருபத்துமூன்று கல்யாணம். உட்கார இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு மதினிமார், லைட் விழுந்ததும் தோளில் கை போட்டுக்கொள்கிறார்கள். மணமேடைக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்த பெண்ணின் தாய், முந்தானையால் முகத்தை ஒரு துடைப்புத் துடைத்துவிட்டுச் சிரிக்கிறாள். நாதஸ்வரக்காரருக்குக் கன்னம் இன்னும் கொஞ்சம் உப்புகிறது. ஒரே ஒரு தாத்தா மட்டும் லைட்டுக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரி. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொன்று கிடைக்கும்போதும் எனக்கு ஆள் அனுப்புவாள். நானும் போட்டது போட்டபடி ஓடுவேன். பத்து வருடம் என் கண் முன்னால் நடந்ததுதான் எல்லாம், நான் கண்டுகொள்ளவில்லை. பிறகு கல்யாணத்துக்குப் போகும்போதெல்லாம் அவளுக்காக வேண்டுமென்றே இரண்டு விநாடி தாமதமாக லைட்டைத் திருப்பினேன். கேமராக்காரர் திட்டினார். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

வைகாசி பிறந்ததும் கடிதம் வந்தது, நேர்முகத் தேர்வுக்கு. அறுபது பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். பரிபூரணம் மில்லில் இரண்டு நாள் லீவு சொன்னாள். துணைக்கு நானும் வருகிறேன் என்றேன். கிளம்புவதற்கு முந்தின நாள் நான் செய்த வேலையை இப்போது சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊரில் பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் ஹால் டிக்கெட்டுக்குள் குங்குமம் வைப்போம். புது லாரிக்கு வைப்போம், தறிக்கு வைப்போம், பத்திரத்துக்குள்ளும் வைப்போம். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாள் கோயிலில் செல்லக்கனி பெயருக்கு அர்ச்சனை செய்து, பட்டர் கொடுத்த குங்குமத்தைத் தாளில் மடித்து வாங்கி வந்தேன். அவளிடம் கொடுத்தால் பர்ஸில் போட்டு மறந்துவிடுவாள். காரியம் ஆக வேண்டியது கேசட்டால்தானே என்று, கேசட் உறையைத் திறந்து, கேசட்டுக்கு மேலேயே பொட்டலத்தை வைத்து மூடிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பலிக்காது என்று ஒரு எண்ணம்.

மதுரை வரை பஸ், அங்கிருந்து ரயில். செல்லக்கனி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். மெட்ராஸில் அவர்களிடம் இருக்கிற கம்ப்யூட்டரில் ஒரு படத்தை வெட்டினால் டேப்பை ஓட்டத் தேவையே இல்லையாம், நினைத்த இடத்துக்கு நேரே தாவலாமாம். "அம்புட்டுப் படமும் ஒரு பெட்டிக்குள்ள அண்ணே" என்று கையை விரித்துக் காட்டினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் எனக்கே அங்கே போய்ப் படிக்கலாமா என்று இருந்தது.

காலை பதினோரு மணிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். நானும் பரிபூரணமும் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மெஷின் பார்க்கிற ஆள் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் கேசட். விரலெல்லாம் சிவப்பு.

"இதுக்குள்ள யாரு குங்குமத்தைக் கொட்டினது? டெக்கோட ஹெட்டே அடைச்சுப்போச்சு" என்றார்.

பொட்டலம் வழியில் பிரிந்திருக்கிறது. ரயில் குலுக்கலில் தூள் முழுக்க டேப்புக்குள் இறங்கியிருக்கிறது. நான்தான் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. திறந்த கதவு வழியாக செல்லக்கனி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. பரிபூரணம் என்னைப் பார்த்த பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

உள்ளே மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட பெரியவர், ஒரு பக்கம் ஒரு அம்மா, இன்னொரு பக்கம் இளைஞர் ஒருவர். கேசட் ஓட்ட வேறு டெக் இல்லை, இதைச் சுத்தம் செய்ய மத்தியானம் ஆகும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள் என்று பெரியவர் சொன்னார். படம் இல்லாமல் மதிப்பெண் போட வழியில்லை என்று வருத்தமாகத்தான் சொன்னார்.

செல்லக்கனி எழுந்து நின்றாள்.

"பத்து நிமிசம் எனக்குக் குடுத்திருக்கியள்ல சார். படத்தை நான் செஞ்சு காட்டுதேன்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் அதற்குள் வாசலைப் பார்த்து, "அண்ணே, நீங்களும் வாங்க" என்றாள். நான் போய் நின்றேன். "கையைத் தூக்குங்க. லைட்டைப் பிடிங்க" என்றாள். என் கையில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. தூக்கினேன். பத்து வருடப் பழக்கம், வெறும் கையே கனத்தது.

அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாயசத்தை உறிஞ்சினாள். சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. நான் கையைத் திருப்பினேன். அவள் சிலையானாள், கன்னம் இரண்டும் உப்ப. இளைஞர் பக்கென்று சிரித்துவிட்டார். அடுத்து இரண்டு மதினிமாரும் அவளே. இந்தப் பக்கம் நின்று ஒருத்தியாகத் திட்டினாள், அந்தப் பக்கம் தாவி இன்னொருத்தியாகத் திட்டினாள், என் கை திரும்பியதும் காற்றில் ஒரு தோளைக் கட்டிக்கொண்டாள். நாதஸ்வரம் ஊதினாள். தாத்தாவாகத் தூங்கினாள். பிறகு பெண்ணின் தாய். முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். நிஜமாகவே ஒரு தாய் அழுவது போலத்தான் இருந்தது. கையைத் திருப்ப மனம் வரவில்லை. "லைட்டு" என்று அவளே மெதுவாகச் சொன்னாள். திருப்பினேன். முந்தானையால் ஒரு துடைப்பு. சிரித்தாள். மூன்று பேரும் அசையவில்லை.

அப்போது எனக்கு என்ன தோன்றியதோ, கையை அப்படியே அவர்கள் பக்கம் திருப்பினேன்.

பெரியவர் சட்டென்று வயிற்றை உள்ளிழுத்து நிமிர்ந்தார். அந்த அம்மா தோள் சேலையைச் சரிசெய்து, பேனாவை எழுதுவதுபோல் தாளில் வைத்துக்கொண்டார். பிஸ்கட் மென்றுகொண்டிருந்த இளைஞர் மெல்வதை நிறுத்திவிட்டார். ஒரு விநாடிதான். பிறகு அவர்களுக்கே புரிந்துவிட்டது. அந்த அம்மா மேஜையில் தலை கவிழ்ந்து சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

சிரித்து முடித்ததும் பெரியவர், ஏன் இந்தப் படத்தை எடுத்தாய் என்று கேட்டார்.

"எங்க ஊர்ல கேசட்டுல இருக்கறதுதான் கல்யாணம்னு எல்லாரும் நெனைக்காவ. லைட்டு வாரதுக்கு முந்தி நடந்ததுதான் கல்யாணம்னு நான் நெனைக்கேன். இப்ப வீட்டுக்கு வீடு டி.வி. வந்துட்டு, நாளைக்கு ஆளுக்கொரு கேமரா வரும். அப்ப லைட்டே அணையாது. பொறவு ஜனங்க எப்ப அழுவாவ, எங்க சண்டை போடுவாவன்னு எனக்குத் தெரியணும் சார். அதைத்தான் படிக்கணும்."

பெரியவர் குறித்துக்கொண்டார். சரி, போகலாம், கேசட் இங்கேயே இருக்கட்டும் என்றார். சிரிப்பெல்லாம் எங்கே போனதோ. வெளியே வந்ததும் நான் அவள் காலில் விழாத குறை. "வெறுங்கையில நல்லாப் பிடிச்சிய அண்ணே" என்றாள். பரிபூரணம் ஊர் வந்து சேரும்வரை என்னோடு பேசவில்லை.

பதினொரு நாள். தபால்காரர் பஞ்சு மார்க்கெட்டில் எங்கே நிற்கிறார் என்று எனக்கு மனப்பாடம். பன்னிரண்டாம் நாள் கவர் வந்தது, கடை விலாசத்துக்கு. செல்லக்கனி அதைப் பிரிக்காமல் மில்லுக்கு எடுத்துக்கொண்டு நடந்தாள், நானும் பின்னாலேயே போனேன். சாப்பாட்டு நேரம். பஞ்சுத் தூசி படிந்த தலையோடு பரிபூரணம் வாசலுக்கு வந்தாள். செல்லக்கனி அங்கே நின்றே பிரித்துப் படித்தாள்.

ஆங்கிலத்தில் நாலு வரி. படிக்கப் படிக்க அவள் முகம் சுருங்கியது.

"கேசட்டைச் சுத்தம் பண்ணிப் பாத்தாவளாம். 'நீங்கள் செய்து காட்டியதில் பாதிகூட இந்தப் படத்தில் இல்லை'ன்னு எழுதியிருக்காவ" என்றாள். "நாலு மாசம் உசிரைக் குடுத்து எடுத்திருக்கேன். பாதிகூட இல்லையாம்."

"அதெல்லாம் கிடக்கட்டும், சேத்துக்கிட்டாவளா இல்லையா, அதைச் சொல்லுட்டி" என்றாள் பரிபூரணம்.

செல்லக்கனி மறுபடியும் தாளைப் பார்த்தாள்.

"'மீதிப் பாதியைப் படத்துக்குள் கொண்டுவரத்தான் இந்த இரண்டு வருடம். ஜூலை மூன்றாம் தேதி வந்து சேருங்கள்'னு இருக்கும்மா."

எட்டு மணி நேரமும் நின்றே வேலை பார்க்கிற பரிபூரணம், மில் வாசலில் மண் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செல்லக்கனி பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் யார் போகிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்று கொஞ்சமும் பாராமல், மூக்கு ஒழுக ஒழுக அழுதார்கள்.