குருசடிப் படியைத் தொட்ட தண்ணீர்

என் அண்ணன் ஜோசப்ராஜ் செஞ்சி நெல் மார்க்கெட்டில் இருபத்திரண்டு வருஷம் மூட்டை தூக்கினார். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. லாரி மேல் நின்று அவர் குரல் கொடுத்தால் வெளியே டீக்கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குரலுக்காகத்தான் எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவில் ஒவ்வொரு மே மாதமும் பட்டிமன்ற மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு.

வெளியூர்ப் பேச்சாளர்களை நாங்கள் அழைப்பதில்லை. ஊர்க்காரர்களே பேசுவார்கள். எந்தப் பக்கம் என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்வார்கள். மனதில் நினைப்பது ஒன்றும் மேடையில் பேசுவது வேறொன்றுமாக இருந்தாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

2024இல் தலைப்பு, ‘மழை கெட்டுப்போனதற்குக் காரணம் மனிதனா, இயற்கையா?’ சீட்டு எடுத்த கையோடு அண்ணன் செஞ்சியில் என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“இன்னா ஜோதி, எனக்குப் போயி இயற்கை வந்துடுச்சி. எதிர்ல என் மச்சான் ராபர்ட்டு. அந்த ஆளு ஸ்கூல் வேன்ல பசங்கள எறக்கி உட்டுட்டு நாள் பூரா பேப்பர் படிக்கிறவரு. நாலு பாயிண்ட்டு எழுதிக் குடு.”

“உனக்கு இன்னா தோணுதுண்ணா?”

“எனக்குத் தோணி இன்னா ஆவுது? நெல்லக் காய வெச்சா மழை வருது, நாத்து நட்டா ஓடிப்போவுது. மனுஷன்தான் கெடுத்தான். சீட்டு அப்டி வரலியே.”

நான் பூகோளம் பி.ஏ. படித்தவள். பூமி பலமுறை குளிர்ந்து சூடானது, மழை குறைந்த காலங்கள் முன்பும் இருந்தன என்று மூன்று பாயிண்டுகளைப் புத்தகத்திலிருந்து எழுதினேன். நான்காவது ஊரைப் பற்றி இருந்தால் கைதட்டல் வரும் என்று தோன்றியது. ஏரிக்கரைக்குக் கீழே ஒரு மேட்டில் அந்தோணியார் குருசடி இருக்கிறது. சிலுவையும் அந்தோணியார் சிலையும் வைத்த சின்ன மண்டபம், ஆறு படிகள். ‘எத்தனை மழை வந்தாலும் நூறு வருஷமாக நம் குருசடிப் படியைத் தண்ணீர் தொட்டதில்லை’ என்று எழுதினேன். யாரையும் கேட்கவில்லை. எதையும் பார்க்கவில்லை. எழுதும்போது நன்றாக இருந்தது.

மேடையில் ராபர்ட் மாமா ஏரியில் மண் அள்ளியதையும், மலையடிவார மரங்களையும், உலகமெல்லாம் எரிக்கிற டீசலையும் சொன்னார். அண்ணன் எழுந்தார்.

“என் மச்சான் வேன் பொகையிலதான் மழை கெட்டுதுன்னா, அவர ஒரு வாரம் பசங்களத் தூக்கிக்கினு நடக்கச் சொல்லுங்க சாமி. எட்டாம் நாள் மழை கொட்டும்!”

நடுவராக இருந்த பங்குச் சாமியாரே சிரித்துவிட்டார். பிறகு அண்ணன் குருசடி வரியைச் சொன்னார். விசில் பறந்தது.

“நூறு வருஷமா நின்னு அளந்தியா மாப்ள?” என்றார் ராபர்ட் மாமா.

“என் தங்கச்சி படிச்சவ. அவ அளந்துதான் எழுதியிருக்கா.”

முதல் வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன்.

தீர்ப்பு ராபர்ட் மாமா பக்கம் போனது. ஆனால் ஊர் பிடித்துக்கொண்டது அண்ணனின் வரியைத்தான். நான் எழுதிக்கொடுத்த தாளை அவர் ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து வைத்துக்கொண்டார்.

டிசம்பர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கரை ஏறிய புயல் நகராமல் நின்றுவிட்டது. அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. ஏரி நிரம்பி வழிந்தது. ராபர்ட் மாமா வேனில் ஆட்களை ஏற்றி ஸ்கூல் மாடிக்குக் கொண்டுபோனார். அமலோற்பவம் அண்ணியும் பிள்ளையும் ஏறிவிட்டார்கள். அண்ணன் மட்டும் ஏறவில்லை. அவரிடம் பதினோரு ஆடுகள் இருந்தன.

செஞ்சியிலிருந்து நான் அடித்துக்கொண்டே இருந்தேன். காலை பத்தரைக்குப் போன் கிடைத்தது.

“எங்கண்ணா இருக்க?”

“குருசடி மேல. பதினொன்னும் எங்கூடத்தான் நிக்குதுங்க. தண்ணி இன்னும் படிக்கு வரல.”

“ஸ்கூலுக்குப் போயிடுண்ணா.”

“இதுங்கள உட்டுட்டா? நூறு வருஷம்னு நீதான எழுதிக் குடுத்த, கணக்கு சரிதான?” என்று சிரித்தார்.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். “சரிதான், ஆனாலும் போயிடு” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விட்டது.

பதினொன்றரைக்கு ஏரிக்கரை உடைந்தது.

இரண்டாம் நாள் கரும்புத் தோட்டத்தில் கிடைத்தார். ஆடுகளை ஒரே கயிற்றில் கோத்து, கயிற்றை இடுப்பில் கட்டியிருந்தார். நான் குருசடிக்குப் போய்ப் பார்த்தேன். ஆறு படிகளும் சேற்றுக்குள் இருந்தன. அந்தோணியார் சுரூபத்தின் மார்பு வரை சேறு ஒட்டியிருந்தது.

சாவு வீட்டில் ஆண்கள் நாற்காலி போட்டுப் பேசினார்கள். கடல் சூடாகிவிட்டது, அதனால் புயல் பெரிதாகிறது என்றார் ஒருவர். கரையைப் பலப்படுத்தாததுதான் காரணம் என்றார் இன்னொருவர். இந்த மழைக்கு எந்தக் கரையும் தாங்காது என்றார் மூன்றாமவர். மே மாதப் பட்டிமன்றம் அப்படியே நடந்துகொண்டிருந்தது. ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. அண்ணி அந்த லேமினேட் தாளை என்னிடம் கொடுத்து, “நீயே வெச்சிக்கோ ஜோதி, ஆசையா வெச்சிருந்தாரு” என்றார். வீட்டில் தண்ணீர் புகுந்து எல்லாம் ஊறிவிட்டது. அந்தத் தாள் மட்டும் நனையவில்லை.

இப்போது ஒரு வருஷம் ஆகப்போகிறது. நினைவுப் பூசை முடிந்ததும் அண்ணனின் பட்டிமன்ற வீடியோவைத் திரையில் போட ஏற்பாடு. நேற்று ராபர்ட் மாமா அண்ணி வீட்டுக்கு வந்து எனக்குப் போனில் அதைப் போட்டுக் காட்டினார்.

“குருசடி வரிய மட்டும் வெட்டிடுங்க மாமா” என்றேன்.

“அத வெட்டிட்டா அவன் பேச்சுல இன்னா இருக்குது?”

“அது பொய். நான் கற்பனையா எழுதினது. போன்லயும் சரின்னு சொன்னேன்.”

அவர் வீடியோவை நிறுத்தினார். திரையில் அண்ணன் வாய் திறந்தபடி நின்றார்.

“நான் கேட்டேனேம்மா, அளந்தியான்னு. சிரிச்சிக்கினு கேட்டதால உட்டுட்டேன்” என்றார்.

கதவருகே அண்ணி நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

“அவரு போன்ல கேட்டப்போ அது பொய்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும் அண்ணி.”

அண்ணி உள்ளே போய்விட்டார். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

“எதையும் வெட்டாதீங்க. முழுசா போடுங்க. முடிஞ்சதும் இவ மைக்க வாங்கி ஊருக்குச் சொல்லட்டும். இன்னும் எத்தன பேரு அந்தப் படிய நம்பிக்கினு இருக்காங்களோ.”

ஞாயிற்றுக்கிழமை பூசை. அந்தத் தாளை எடுத்துப் பையில் வைத்துவிட்டேன்.