ஹனீபா நானாவின் வேனும் என் முதல் வெல்டிங் பிளான்டும்

ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவனையெல்லாம் மெக்கானிக் என்று ஊர் நம்பிவிடும். உடைந்த இரும்பை ஒட்டித் தரச் சொல்லும்போதுதான் நம் வண்டவாளம் தண்டவாளம் ஏறும். வீட்டுப் பக்கத்தில் நாலு தகரம் போட்டு கராஜ் என்று பெயர் வைத்திருக்கும் என் இனத்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

சண்டைக் காலத்தில், தொண்ணூறுகளில், மாத்தளைக்கு மேலே மலையிலிருக்கும் இரத்தோட்டையில் எனக்கும் அப்படியொரு கராஜ். பக்கத்து வீட்டு ஹனீபா நானாவின் வேனில்தான் என் மனைவி புவனா ரிவர்ஸ்டன் மலைப்பாதையிலுள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போவாள். அதன் சேஸியில், அடிச்சட்டத்தில், விரல் நீள விரிசல். டவுனில் இரண்டு முறை ஒட்டியும் மறுபடி வாய் பிளந்திருந்தது. அந்தப் பாதையோ வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு. பாடசாலை விடுமுறை முடிவதற்குள் நானே ஒட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வெல்டிங் எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது.

பெரிசா, சின்னதா?

மாத்தளைக் கடையில் மூன்று விதம் இருந்தன: கேஸ் சிலிண்டர் செட், பிளான்ட் என்று நாங்கள் சொல்லும் கரண்ட் மெஷினில் எண்ணெயில் ஆறும் பெரியது, காற்றில் ஆறும் சின்னது. நான் பெரியதின் மேல் கை வைத்தேன். கடைக்காரர் என் வீட்டு மீட்டர், வயர் தடிப்பு எல்லாம் விசாரித்தார். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு சோதனைச் சாவடி தாண்டுவது உங்கள் பாடு என்றார். சின்னதே சேஸிக்கும் போதும், பொறுமையாக ஒரே கோட்டில் இரண்டு மூன்று தரம் கம்பியை ஓட்ட வேண்டும் என்று சொல்லி, எந்தத் தடிப்பு இரும்புக்கு எந்த வெல்டிங் கம்பி என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியும் தந்தார்.

"பெருச வாங்கினா உங்க வீட்டு வயருதான் மொதல்ல உருகும். வீட்டு லைனைப் பார்த்து மெஷின் வாங்குங்க!"

வழியில் ஒரு பரீட்சை

பஸ்ஸின் பின் சீட்டில் சின்னப் பிளான்டோடு வந்தேன். ராணுவச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பெட்டி, உள்ளே செம்புச் சுருள், தடித்த வயர், பக்கத்தில் ஒரு தமிழன். இளம் சிப்பாய் குண்டோ என்று மூன்றடி பின்னால் போனான். வயதான கோப்ரல் ஒருவர் வந்து குனிந்து பார்த்தார். மெல்லிய தகட்டுக்கு எந்தக் கம்பி என்று கேட்டார். கடைக்காரரின் துண்டு சட்டைப் பையில் இருந்தாலும் கையை அங்கே கொண்டுபோகப் பயம். மனப்பாடமாக ஒப்பித்தேன். அவருடைய அண்ணனும் ஊரில் வெல்டிங் செய்கிறவராம். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிளான்டைத் திரும்ப ஏற்ற அவரே ஒரு கை பிடித்தார். அப்போது, தம்பி என்பதற்கு மல்லி என்று கூப்பிட்டு, சிங்களத்தில் அவர் சொன்னது இது:

"கரண்ட்டைக் குறைச்சு வை மல்லி, இல்லாட்டி ஓட்டை விழும்."

பொட்டு

புது மெஷினுக்குப் பூஜை போடாமல் விடுவோமா? தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, புவனா ஓர் இடம் விடாமல் சந்தனம் அப்பிக் குங்குமமும் வைத்தாள். பிறகு கம்பியால் இரும்பைத் தொட்டேன். ஒன்றுமில்லை. ஃபியூஸைக் கழற்றினேன், மாட்டினேன், கடைக்காரரைத் திட்டினேன். வேடிக்கை பார்க்க வந்த ஹனீபா நானா, இரும்பைக் கவ்வும் எர்த் கிளிப்பை விரித்துப் பார்த்தார். பற்களுக்கிடையே சந்தனம் தடிப்பாகக் காய்ந்து கரண்ட்டை மறித்திருந்தது.

"நெத்தில வெச்சா போதும் தம்பி, வாய்க்குள்ளயுமா பொட்டு வைக்கிற?"

இரும்பு ஓடியது

சுரண்டிவிட்டு மறுபடி தொட்டேன். கறுப்புக் கண்ணாடிக்குள் ஒரு சூரியன் எழுந்தது. அதன் அடியில், இத்தனை வருஷம் சுத்தியலால் அடித்தும் அசையாத இரும்பு, கித்துள் பனையில் காய்ச்சிய பாணி போல மினுங்கி ஓடியது. இரண்டு துண்டின் ஓரங்களும் கரைந்து ஒன்றுக்குள் ஒன்று போயின. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதைப் பார்க்காமலா நாற்பது வயது வரை இரும்போடு வாழ்ந்தேன்? நானாவிடம் கண்ணாடியைக் கொடுத்து, நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடி ஓட்டிக் காட்டினேன். கண்ணாடியை இறக்காமலே அவர் சொன்னார்:

"அல்லாஹ்! இதுவும் தண்ணிதானா? கெட்டியா நின்டு நம்மள ஏமாத்திட்டு இருந்திரிக்கி!"

பள்ளிக்கூடம் திறந்த காலை

விடுமுறை முழுக்கக் கழிவு இரும்பில் பழகினேன். முதலில் ஒட்டியவை ஒரே அடியில் கழன்று விழுந்தன. கடைசி வாரம் சுத்தியலுக்கு இரும்பு வளைந்தது, ஒட்டு விடவில்லை. அதன் பிறகுதான் வேனுக்கு அடியில் படுத்தேன். பழைய ஒட்டைச் சுரண்டினால், டவுன்காரர் துருவின் மேலேயே ஒட்டியிருக்கிறார். வெள்ளை இரும்பு தெரியும்வரை அராவி, மூன்று தரம் ஓட்டி, மேலே இரும்புப் பட்டையும் வைத்து ஒட்டினேன். மிளகு மூட்டைகளை ஏற்றி வளைவுகளில் ஓட்டிப் பார்த்தோம். அசையவில்லை.

ஆனாலும் பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையிலும் வேனுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஒரு வாரம் பஸ்ஸில் போயேன் என்று புவனாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிக் கட்டோடு முன் சீட்டில் ஏறிவிட்டாள். பயமில்லையா என்றேன்.

"நீங்க எத்தன தடவ அடியில படுத்து அந்த ஒட்டைப் பார்த்தீங்கன்னு எண்ணினேன். பதினேழு. எனக்கு அது போதுங்க."

பதினெட்டாவது தடவை பார்க்க வழியில்லாததால், சாயங்காலம் அந்த வேன் திரும்பி வரும்வரை என் கராஜில் ஒட்டத் தேவையில்லாத இரும்பையெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.