டிரம்மில் கலந்த தீனி

பெயின்ட் கடையில் கலர் கலக்குகிற மனிதருக்கு ஊரில் 'ஷேடுக்காரர்' என்றே பேர். ஒரு வீட்டுக்கு வேண்டிய பெயின்ட் மொத்தத்தையும் ஒரே டிரம்மில் ஊற்றி ஒரே தடவையில் கலக்கிவிடுவார். பிரித்துப் பிரித்துக் கலக்கினால் ஒரு சுவர் ஒரு மாதிரியும் மறு சுவர் வேறு மாதிரியும் வந்து மானம் போய்விடுமாம். தொழிலில் மனிதர் புலிதான். அந்தப் புலித்தனத்தை வீட்டிலும் காட்டுவார் என்று யார் கண்டது!

வீட்டுக் குட்டிநாய்க்கு ஒரு வயதாயிற்று. "இனிமே பெரிய நாய்த் தீனிக்கு மாத்திடுங்க. பழசுல புதுசைக் கொஞ்சமா சேத்து, நாளாக நாளாகக் கூட்டிட்டே போங்க" என்றார் நாய் டாக்டரம்மா. பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தவர், பழைய மூட்டை, புது மூட்டை இரண்டையும் ஒரு டிரம்மில் கொட்டி, தோள்பட்டை வலிக்கக் கலக்கி வைத்தார்.

அப்புறம் கேட்பானேன்! குட்டிக்கு வயிற்றுப்போக்கு. கூடம், கட்டிலடி, மனைவி ஆசை ஆசையாய் வாங்கிய விரிப்பு, ஓர் இடம் பாக்கியில்லை.

"என்னால ஆகாதுங்க. ஞாயித்துக்கிழமை தம்பியை வரச் சொல்லிட்டேன். இந்த அழுக்குமூட்டையை அவனே வச்சு வளத்துக்கட்டும்" என்றாள் மனைவி.

ஷேடுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டாக்டரம்மாவுக்கு போன் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். பழைய தீனியை மட்டும் கொடுக்கச் சொன்னார்கள். இன்னொரு மூட்டை வாங்கலாம்தான். ஆனால் ஏன் என்று மனைவி கேட்பாளே? ஊருக்கே கலந்து கொடுக்கிறவன் கலப்பதில் கோட்டைவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்கட்டில் உட்கார்ந்து, டிரம்மிலிருந்து பழைய தீனியின் சின்ன உருண்டைகளைத் தனியாக, புதுத் தீனியின் பெரிய உருண்டைகளைத் தனியாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

"என்னங்க பண்றீங்க?" என்று மனைவி வந்து நின்றாள்.

குட்டியைப் பார்த்தார். அது ஒன்றும் அறியாமல் வாலை ஆட்டியது. இதற்குமேல் மறைக்க மனசு வரவில்லை.

"தப்பு அவன் மேல இல்லம்மா. கொஞ்சம் கொஞ்சமா மாத்தச் சொன்னாங்க. நான்தான் மொத்தமா கலந்துட்டேன்."

"மொத்த மூட்டையையுமா?"

"ஆமா."

"பெயின்ட் மாதிரியா?"

"ஆமாம்மா."

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, "அடப்பாவி மனுஷா! வாயில்லாத புள்ளையைப் போய்க் கரிச்சுக் கொட்டிட்டேனே" என்று பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு தட்டை இழுத்துக்கொண்டாள். குட்டி அவள் மடியில் தலையைப் போட்டது.

வெயில் ஏறும் நேரத்தில் தம்பி வந்தான், கையில் புதுச் சங்கிலியோடு.

"அக்கா, எங்க அவன்? கூட்டிட்டுக் கிளம்பறேன்."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"யாரையாவது கூட்டிட்டுத்தான் போகணும்னா உங்க மாமாவைக் கூட்டிட்டுப் போடா. இவன் எங்கயும் வரமாட்டான்."