வெளிச்சுவருக்குப் போன சபை வரலாறு

எங்கள் லுத்தரன் ஆலயத்தின் உள்சுவரில் ஒரு மாடம் உண்டு. அதிலிருந்த பழைய கல் பொரிந்து, எழுத்தே தெரியாமல் போயிருந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆன பிறகு, ஆலய ஆண்டு விழாவை ஒட்டி அங்கே சபை வரலாற்றைப் புதிதாக வைக்க முடிவானது. பொருளாளர் கிரானைட் என்றார். செராமிக் ஊரில் எதற்குக் கிரானைட் என்று போதகர் என்னைக் கூப்பிட்டார்.

நான் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். பத்தாவதோடு படிப்பு நின்றது. சபைக் கூட்டத்தில் வாய் திறந்ததே இல்லை. ஆனால் என் கையெழுத்தை நாலு பேர் நின்று படிப்பார்கள் என்ற ஆசையில் தலையாட்டிவிட்டேன்.

கீற்றுக் கொட்டகையாகத் தொடங்கியது, பெண்கள் மணிமுத்தாற்று மணலைக் கூடையில் சுமந்தது, புயலில் கூரை போனதும் ஓடு வேய்ந்தது என எல்லாவற்றையும் ஈர மண்ணில் எழுதினேன். வளையாமலிருக்க நான்கு துண்டாகச் சுட்டோம்.

விழாவுக்கு முந்தின நாள் சேர்த்து வைத்துப் பார்த்தால் மாடத்துக்குள் நுழையவில்லை. நாலு விரல் அதிகம்.

அளவு எழுதித் தந்தவர் சபைச் செயலர். சூளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மண் வெந்தால் சுருங்கும் என்பதால் கூட்டித்தான் அளவு போடுவோம்.

"ஏம்மா, நீ சுருக்கம் சேத்தியா?"

"சேக்காம எப்பிடிண்ணே?"

"அடக் கடவுளே! நானும் சேத்துதானே எழுதிக் குடுத்தேன்!"

பொருளாளர் சிரித்தார். "ஒரு தச்சன அளக்கச் சொல்லியிருந்தா உள்ள அளவ உள்ளபடி சொல்லியிருப்பான். மாடத்தப் பெருசாக்கலாம்னா சுண்ணாம்புச் சுவரு, கொத்துனா மொத்தமா வந்துடும். பேசாம கிரானைட்டுக்குச் சொல்லிடலாங்க."

எப்படியோ பேசிவிட்டேன்.

"உள்ள இருக்குறவங்களுக்குத் தெரிஞ்ச கததானேங்க. வெளிச்சுவத்துல பதிச்சா தெருவுல போறவங்க படிப்பாங்க."

போதகர் என்னைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார். "சிமெண்ட் குழைங்கப்பா," என்றார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, எதிர்க்கடை பாய் வரிவரியாக விரல் வைத்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ நாளா வெள்ளக்காரங்களே கட்டிட்டுப் போனதுன்னுல்ல நெனச்சேன்! ஆமா, ஓடு வேயறப்ப எங்க அத்தாவும் கை குடுத்தாருன்னு சொல்லுவாரு. அதக் காணுமே?"

"தெரியாதுங்க பாய். உள்ள வந்து செயலரண்ணங்கிட்ட முழுசா சொல்லுங்க," என்றேன். "கீழ எடம் இருக்குது. இன்னொரு துண்டு எழுதிடறேன்."

அவர் கடையை அப்படியே விட்டுவிட்டு என்னோடு உள்ளே வந்தார்.